இடது ஆள்காட்டி

சிலிம் ரிவர் அரசாங்கக் கிளினிக்கில்
நாற்பத்தேழாம் நம்பர் என்னுடையது.
சன்னலுக்குள்ளிருந்து இரண்டு டியூப் வந்தது,
பின்னாலேயே ஒரு வெள்ளை டப்பா, பானை மூடி அகலம்.
"இது முகத்துக்கு, கழுத்துக்கு. லேசானது.
இது முழங்கை மடிப்புக்கு, முட்டிக்குப் பின்னால.
இதை முகத்துல போடாதீங்க."
ஸ்டீராய்டு என்ற ஒரு சொல் மட்டும்
என் காதில் உரக்க விழுந்தது.

போன முறையும் இதே மருந்துதான்.
கொண்டுபோய் மிளகாய்த்தூள் டின்னுக்குப் பின்னால் ஒளித்தேன்.
ஐந்தாவது லயத்து நளாயினியின் முகம் எனக்குத் தெரியும்.
திங்கட்கிழமை பசார் மாலத்தில் பதினைந்து வெள்ளி,
லேபிள் இல்லாத சின்ன டப்பா.
ஏழு வாரம்
கல்யாணப் படத்தில் இருப்பவள் மாதிரி இருந்தாள்.
விட்ட பத்தாம் நாள்
அடுப்புப் பக்கம் நிற்க முடியவில்லை.
அதற்குள்ளும் இதுதானாம், பெயர் சொல்லாமல்.

அதனால் லோஷினிக்குக் கடுகளவு தொட்டு வைத்தேன்,
அதுவும் நாலு நாளைக்கு ஒரு தடவை,
பயந்து பயந்து.
அவள் பயப்படாமல் சொறிந்தாள்.
தலையணை உறையில் ரத்தப் பொட்டு.
வகுப்பில் பக்கத்துப் பிள்ளை இடம் மாறி உட்கார்ந்தது.
ராத்திரி முழுக்க நகம் ஓடும் சத்தம்,
தகரக் கூரையில் எலி நடக்கிற மாதிரி.

மருந்தாளர் நோர்லைலா
பழைய டியூப்பை வாங்கி அமுக்கிப் பார்த்தார்.
கிட்டத்தட்ட முழுசு.
திட்டவில்லை.
"பெரியவங்க ஆள்காட்டி விரல்,"
பாதித் தமிழ், பாதி மலாய்,
"நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கணும்.
உங்க ரெண்டு கை அகலத் தோலுக்கு அது போதும்.
குறைச்சா வேலை செய்யாது.
எங்கே, காட்டுங்க."
வலது கையை நீட்டினேன்.

நுனியும் இல்லை, முதல் கோடும் இல்லை.
செம்பனைக் குலையும் அரிவாளும்
ஒன்றாய் இறங்கிய ஒரு காலையில் போனவை.

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.
நோர்லைலா கணினியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்,
பிறகு மெல்ல,
"கிரி ஆடா," என்றார்.
இடது இருக்கிறதே.

இப்போது இப்படி:
குளிப்பு, சூடில்லாத தண்ணீரில்.
துண்டால் ஒற்றுவது மட்டும்.
வெள்ளை டப்பாக் களிம்பு உடம்பு முழுக்க.
வானொலிச் செய்தி முடியும்வரை சும்மா இருப்பது
(அவளுக்கு இதுதான் கஷ்டம்).
அப்புறம் இடது ஆள்காட்டியில் ஒரு வெள்ளைப் புழு,
சிவந்த இடத்தில் மட்டும்,
ராத்திரி ஒரு வேளை.
எத்தனை நாள், தணிந்த பின் எப்படிக் குறைப்பது,
டாக்டர் எழுதிய தாள் கதவில் ஒட்டியிருக்கிறது.
என் யோசனைக்கு அதில் இடம் விடவில்லை.

சந்திரகாசன் வந்தான்,
இடுப்பில் வட்டமாய் அரிப்பு.
"கொஞ்சம் குடு, கவர்மெண்டு மருந்துதானே."
கொடுக்கவில்லை.
"களிம்புக்குக் கூடவா கணக்கு," என்று போனவன்
மூன்று நாள் தேத்தண்ணிக்கு வரவில்லை.
நாலாம் நாள் கிளினிக் வாசலில் அவன் மோட்டார்.
படையாம்.
இதைப் பூசியிருந்தால் அரிப்பு அடங்கி
வட்டம் மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்திருக்குமாம்.
அவன் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டி சொன்னாள்.
தேத்தண்ணிக்கு இன்னும் வரவில்லை.

நேற்று நடுராத்திரி விழிப்பு வந்தது.
எதுவோ எழுப்பியிருக்கிறது,
என்னவென்று கொஞ்ச நேரம் புரியவில்லை.
நகச் சத்தம் இல்லை.
அதுதான்.

இன்று மருந்து போடும்போது கேட்கிறாள்,
"அப்பா, உங்க மிச்ச விரல் எங்க?"
"பதினோராம் நம்பர் காட்டுல. மரத்தடியில."
யோசிக்கிறாள்.
"அங்க அரிக்குமா?"
"சில ராத்திரி."

வெள்ளை டப்பாவை
என் பக்கம் தள்ளி வைக்கிறாள்.