பத்தில் எட்டு

மருத்துவர் சீட்டில் பத்து என்று போட்டிருக்கிறது.
இன்று எட்டாவது.

ஒன்னோ ஹார்ம்ஸ் வருகிறார்,
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக் காற்றைக்
கோட்டோடு கொஞ்சம் உள்ளே கூட்டிக்கொண்டு.
இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர்.
அவருடைய இரண்டு விரல் அசைவுக்கு
நாற்பது டன் பெட்டி
கப்பலுக்கும் கரைக்கும் நடுவே
அந்தரத்தில் அடங்கி நின்றிருக்கிறது.
இப்போது சட்டைப் பொத்தான் கனக்கிறது.

முதல் நாள் கேட்டார்:
"தொழில்வழி சிகிச்சை என்றால்
தொழிலைத் திருப்பித் தருவீர்களா?"
இல்லை, ஹார்ம்ஸ்.
கரண்டி பிடிப்பது, சாவி திருப்புவது,
சாக்ஸுக்குள் பாதத்தை நுழைப்பது,
இதெல்லாம்தான் இனி உங்கள் தொழில்.
அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

படுக்கையில் கிடந்த மூன்று வாரம்
காப்பீடு கணக்குப் பார்க்கவில்லை.
மூளைக்குப் படம், ரத்தத்துக்கு மருந்து,
நள்ளிரவில் எட்டிப் பார்க்க ஒரு டார்ச் வெளிச்சம்,
எல்லாம் கேட்காமலே கிடைத்தது.
வாசல் தாண்டி வெளிநோயாளி ஆனதும்தான்
எண்ணத் தொடங்கினார்கள்.
கையோ,
வீட்டுக்குப் போய்
ரொட்டியில் வெண்ணெய் தடவ நீண்டபோதுதான்
தன்னைக் காணோம் என்று கண்டுகொண்டது.

காப்பீட்டு அலுவலகத்துத் திருமதி ட்யார்க்ஸ்
மோசமானவர் அல்ல.
எப்போதும் சளி பிடித்த குரல்.
தும்மிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு,
போனில் விதியைப் படிப்பார்:
"அளக்கக்கூடிய முன்னேற்றம்."
முன்னேறினால், போதும்.
முன்னேறாவிட்டால், எதற்கு?
இரண்டு கதவும் ஒரே தெருவுக்குத்தான் திறக்கின்றன.

ஒன்பது குழிப் பலகை. ஒன்பது ஆணி.
என் கையில் நிறுத்து கடிகாரம்.
போன வாரம் நாற்பத்தொரு நொடி.
இன்று எழுபது.
நான்காவது ஆணி உருண்டு
மேசைக்கடியில் போய்விட்டது.
குனிந்து தேடும்போதே எனக்குப் புரிந்தது.
பத்தொன்பது வருடமாகக் கைகளைப் பார்க்கிறேன்.
நழுவவிடும் கை வேறு,
விடும் கை வேறு.
விடும் கை
விடுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்கும்.
ஹார்ம்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை,
நனைந்த சைக்கிள் நிறுத்தம்.

எழுபது என்றே எழுதினேன்.
பொய்யில்லை, கடிகாரம் காட்டியதுதான்.

கிளம்பும்போது
பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டார்.
மழை, வராத பஸ், மகள் ஹில்கே வாங்கிய ஓட்டைக் கார்.
பேசிக்கொண்டே கோட்டுப் பொத்தான்களை
மேலிருந்து கீழ்வரை போட்டு முடித்தார்.
ஐந்து.
கதவருகே கை நின்றது.
என்னைப் பார்த்தார்.
பிறகு, மெதுவாக,
நடுப் பொத்தானை மட்டும் கழற்றினார்.

படிவத்தில் கோட்டுக்கு ஒரு கட்டம் இல்லை.
இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?
இன்னும் தெரியவில்லை.

பத்தாவது முறை
அரைக் கிலோ வட கடல் இறாலோடு வந்தார்,
அவித்தது, ஓடு உரிக்காதது.
முதல் நாள் "இலக்கு" என்ற இடத்தில்
எழுதச் சொன்னது இதைத்தான்.
நான் எழுதி வைத்தது: இரு கை ஒருங்கிணைப்பு.
ஒற்றைக் கையால் ஓசையும் எழாது,
இறாலும் உரியாது.
பழைய செய்தித்தாளை விரித்தோம்.
திருகி, இழுத்து, சதையை உருவி
நான் முப்பது உரித்திருப்பேன்.
அவர் பதினொன்று. அதில் மூன்று நசுங்கல்.
நசுங்கியதைத்தான் முதலில் தின்றார்.
கடிகாரம் இழுப்பறையில் கிடந்தது.

அடுத்த பத்துக்கான அறிக்கையை
அன்று மாலையே தபாலில் சேர்த்தேன்.
கை கழுவியிருந்தேன், சோப்புப் போட்டு, இரண்டு முறை.
ஆனாலும் உறையை ஒட்டும்போது
தாளின் மூலையிலிருந்து வந்தது
லேசாகக் கடல் வாடை.

திருமதி ட்யார்க்ஸுக்குச்
சளி இன்னும் விட்டிருக்காது என்று
நம்பிக்கொண்டிருக்கிறேன்.