தில்லிக்கு ஒரு ஸ்வெட்டர்

சென்னையில் ஸ்வெட்டர் வாங்குபவர்கள்
ஒன்று காய்ச்சல்காரர்கள்,
இல்லையென்றால் தில்லிக்கு அனுப்பப்படுகிறவர்கள்.
நான் இரண்டாவது.
சட்டத் துறை, பிரிவு அலுவலர்.
இருபத்திரண்டு மாதமாக எங்கள் மசோதா ஒன்று
அங்கே பரிசீலனையில் இருக்கிறது.
ஏழு கேள்விகள் வந்தன. ஏழுக்கும் பதில் போயிற்று.
இப்போது ஆளையே வரச் சொல்கிறார்கள்.

பெரியமேட்டில் தார்ப்பாய்க் கடைகள்.
டிசம்பர் வெயிலில் கம்பளி வாடை.
அட்டையால் விசிறிக்கொண்டே பேமா யாங்சோம்
நீலத்தில் ஒன்றை எடுத்துப் போட்டாள்.
பைலகுப்பேயில் பிறந்தவள். கன்னடம் ஏறிய தமிழ்.
விலை கேட்டால்
"ஸ்வல்ப கூடக் குறையாது."

"தில்லிக்கா? அப்போ இது பத்தாது மேடம்.
மார்ச் மாசம் நாங்களும் போவோம், கொடி பிடிக்க.
பஸ்ல ஏத்தி ஸ்டேஷன்ல வெப்பாங்க,
ராத்திரிதான் விடுவாங்க. சிமெண்டுத் தரை.
இடுப்புக்குக் கீழ இறங்குறதா எடுங்க."

என்னை ஏற்ற மாட்டார்கள் என்றேன்.
நாற்காலி தருவார்கள். டீ வரும்.

"அப்போ இதே போதும்."
நீலம் மறுபடி கைக்கு வந்தது.

நான் வேலை செய்யும் கோட்டை
ராணுவத்தின் இடம்.
வாசலில் அவர்கள் துப்பாக்கி, உள்ளே எங்கள் மின்விசிறி.
மேடையில் சுயாட்சி என்றால் கைதட்டல் கேட்கும்.
என் மேசையில் அது
'கலந்தாலோசித்து' என்று எழுதுவதா
'இசைவுடன்' என்று எழுதுவதா என்பது.
அந்த ஒரு சொல்லுக்கு ஆறு வாரம்,
இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை.

கடைக் கம்பத்தில் லாமினேட் செய்த தாள்:
இன்னார் சென்னையில் தங்கலாம்,
ஜனவரி முப்பத்தொன்று வரை.
பழக்கதோஷம், பிழை தேடினேன்.
முத்திரை இருந்தது. தேதி இருந்தது.
கையெழுத்து, பச்சை மையில், முழுசாக.
எங்கள் மசோதாவில் இல்லாதது அதுதான்.
ஒரு கணம் அவள்மேல் பொறாமைப்பட்டேன்,
ஊருக்குள் இருக்கவே தாள் வேண்டியவள்மேல்.

"என்ன மசோதா மேடம்?"
ஏரிகளை யார் பார்த்துக்கொள்வது என்று.
"எந்த ஏரி?"
போரூர், செம்பரம்பாக்கம், எல்லாம்.
"அது உங்களோடதுதானே?"
ஆமாம்.
"பின்ன எதுக்குப் போய்க் கேக்கறீங்க?"

விலைச்சீட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
ஏழு கேள்விகளிலும் இது இல்லை.
அளவு பார்க்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.
முதுகில் வேர்வை இறங்கியது.
கழற்றாமலே பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.