ஊதாப் புள்ளிகள்

தகட்டை நானே பார்க்க வேண்டும் என்றேன்.
டாக்டர் தியோ ஒரு கணம் தயங்கி
நாற்காலியை விட்டு எழுந்தார்.
பதினொரு வருடம் பாயான் லெப்பாஸில்
மைக்ராஸ்கோப்பில் குனிந்த கழுத்து இது.
குமிழைத் திருப்ப யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இளஞ்சிவப்பு வெளியில் ஊதாப் புள்ளிகள்.
என் கருப்பையிலிருந்து கிள்ளி எடுத்தது,
ஓர் அரிசி அளவு.
சாயம் ஏறிய ஒவ்வொன்றும் ஒரு வெள்ளையணு,
இயற்கைக் கொல்லி என்று பெயராம்.

மூன்று முறை.
ஏழு வாரம். ஒன்பது. பிறகு ஆறு.
தங்கவில்லை என்பார்கள் வீட்டில்,
மெத்தை சரியில்லையென்று
சூலியா தெரு லாட்ஜிலிருந்து
காலி செய்து போனவர்களைச் சொல்வதுபோல.

கணக்கு எனக்குப் புரியும்.
பாதி நான், பாதி தனபாலன்.
பாதி அந்நியம் உள்ளே வந்தால்
காவலுக்கு நிற்பவை என்ன செய்யும்?
என் லைனில் மயிரிழைக் கீறல் போதும்
சிவப்புத் தட்டுக்குத் தள்ளிவிடுவேன்.
ரிஜெக்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவாள் மைமூன்.
மூன்றாவதற்குப் பிறகு
அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.
அதுதான் கூடுதலாக வலித்தது.

ஆகவே தீர்ப்பை எழுதிக்கொண்டே வந்திருந்தேன்:
என் கை செய்வதைத்தான் என் ரத்தமும் செய்கிறது.

பெயரைப் பார்க்காதீர்கள் என்றார் டாக்டர்.
எங்கோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில்
புற்றணுவைக் கொன்றதைப் பார்த்து வைத்த பெயர்.
கருப்பைக்குள் இவற்றுக்கு வேறு வேலை.
சுருண்ட ரத்தக்குழாய்களைத் தளர்த்தி, அகலமாக்கி,
வரப்போகும் நஞ்சுக்கொடிக்கு வழி திறப்பது.
அவர் மலாயில் சொன்னார்.
என் காதில் தமிழாக விழுந்தது:
கொலையாள் என்று நினைத்தாயே, கூலியாளாம்.

எனக்கு அதிகமா?
கொஞ்சம் அதிகம்.
அதனால்தானா?
தெரியாது, என்றார்.
கையில் எடுக்கும் ரத்தம்
கருப்பையின் சேதியைச் சொல்வதில்லையாம்.
தகட்டில் எண்ணினாலும்
எத்தனை இருந்தால் அதிகம் என்பதில்
அவர்களுக்குள்ளேயே சண்டையாம்.

அந்தத் தெரியாது எனக்குப் பிடித்திருந்தது.
புலாவ் திக்குஸில் இன்னொருவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது,
ஆயிரத்தெண்ணூறு வெள்ளிக்கு.
பால்நிறத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவாராம்,
சோயா எண்ணெயும் முட்டைக்கருவும்.
கருவுக்குக் கரு, என்று
காரில் முதலில் சிரித்தது தனபாலன்தான்.
ஜெலுத்தோங் சந்திப்பில் பச்சை விழுந்தும்
நாங்கள் நகரவில்லை.
பின்னால் ஹாரன்கள்.
சிரிப்பு எப்போது நின்றதென்று தெரியவில்லை,
அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரவு ஷிப்ட்.
வில்லையின் ஓரத்தில் ஏதோ ஒன்று,
கீறலோ தூசியோ.
காற்றடித்துப் பார்த்தேன். போகவில்லை.
இடுக்கி அந்தரத்தில் நிற்கிறது.
ரிஜெக்ட் அக்கா, பசியாறப் போவோமா, என்கிறாள்
மைமூன், எத்தனையோ மாதம் கழித்து.
சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

நீ போ, வந்துவிடுகிறேன் என்கிறேன்.
இதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.