உருவம் ஒன்று முதல் ஒன்பது வரை

செம்புத் தகட்டில் எல்லாமே இடம்வலம் மாறித்தான் பிறக்கும்.
காகிதத்தில் அவள் வலத்தோள் வழியே திரும்ப வேண்டுமென்றால்
நான் இடத்தோளைச் செதுக்க வேண்டும்.
பதினோரு வருஷப் பழக்கம்.
ஆக்ஸ்பர்க் தெருக்களில் எதிர்ப்படும் முகங்களையும்
புரட்டிப் போட்டுத்தான் அடையாளம் காண்கிறேன்.

பாஸலிலிருந்து வைத்தியர் எழுதியிருந்தார்:
ஆதியாகமம் பத்தொன்பது, இருபத்தாறு.
நடுவில் லோத்தின் மனைவி. பின்னால் சோதோம், கந்தகப் புகை.
சுற்றிலும் ஓரச்சட்டத்தில் உப்புப் படிகங்கள்,
உருவம் ஒன்று முதல் ஒன்பது வரை.
மூலைகளை மழுக்கிவிடாதீர்கள், ஸிபில்லா அம்மணி.
உப்பு சதுரமாகத்தான் யோசிக்கும்.

கூடவே, இரவலாக, ஒரு பித்தளை உருப்பெருக்கி.
சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வைத்தேன்.
வைத்தியர் சொன்னது சரி.
கூரையில்லாத வீடுகள்,
படிப்படியாய்ப் பள்ளம் இறங்கும் முற்றங்கள்.
ஓர் ஊரே கிடந்தது, ஆளில்லாமல்.

ஒன்பதையும் மூன்று வாரத்தில் முடித்துவிட்டேன்.
அவள்தான் வரவில்லை.
கூலிக்கு உட்கார வந்த மாவுக்கடைப் பெண்
கழுத்தைத் திருப்பச் சொன்னால் கொட்டாவி விட்டாள்.
கொட்டாவி விடுகிறவளை எப்படி உப்பாக்குவது?

அந்த ஜனவரியில்தான்
நகர வாசலில் வந்து நின்றார்கள்,
சால்ஸ்பர்க் மலைகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள்.
வேதத்தை வேறு மாதிரி வாசித்தார்களாம்.
கதவைத் திறக்கலாமா கூடாதா என்று
உள்ளே சபை கூடிப் பேசிக்கொண்டிருந்தது.
வெளியே பனி பேசாமல் விழுந்துகொண்டிருந்தது.

ரொட்டியோடு போனேன்.
பென்சிலோடும் போனேன், பொய் சொல்வானேன்.

வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து ஒருத்தி. பெயர் வால்புர்க்.
டூர்ன்பெர்க் உப்புச்சுரங்கத்தில்
அவளும் புருஷனும் இருபது வருஷம்.
உள்ளங்கை வெடிப்புகளில் இன்னும் வெள்ளை.
ரொட்டியை வாங்கும்போதும் தெற்கே பார்த்தாள்,
மலையை மறைத்திருந்த மேகத்தை.

அங்கே என்ன, எரிகிறதா? என்று கேட்டேன்,
என் தகட்டின் ஞாபகத்தில், அசட்டுத்தனமாக.

இல்லை, என்றாள்.
மாடு இருக்கிறது.
இது கறக்கும் நேரம்.

உப்பிட்ட ஊரை உள்ளளவும் நினைத்தவளுக்கு
உப்பே தண்டனையா?
அன்றிரவு மெழுகுவர்த்தி முடியும்வரை
அந்தக் கழுத்தைச் செதுக்கினேன்.
உளி ஒருமுறைகூட வழுக்கவில்லை.

முதல் பிரதியைப் பார்த்து வைத்தியர் பதில் போட்டார்:
படிகங்கள் அருமை. முகமும் நன்று.
ஆனால் அவளுக்கு எண் போடவில்லையே,
விளக்கவுரையில் அவளை என்னவென்று குறிப்பிடுவது?

வேதத்தில் அவளுக்குப் பெயரில்லை.
என் தகட்டில் எண்ணுமில்லை.
அப்படியே இருக்கட்டும்.

அவர் கவனிக்காதது இன்னொன்று உண்டு.
உருவம் ஏழு. கீழ்மூலைப் படிகம். மூன்றாவது முற்றம்.
அங்கே ஒரு மாடு நிற்கிறது, மடி கனத்து,
எள்ளில் பாதி அளவு.

அதைப் பார்க்க அவருக்கு உருப்பெருக்கி வேண்டும்.
அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.