நிறம் வராத நீர்

பாடாங் செராய். இரவு மூன்று நாற்பது.
செம்பனை நான்காம் நம்பரை வெட்டிச் சாய்த்து எழுப்பிய
சலைன் தொழிற்சாலை.
தண்ணீர் அறையில் நான் மட்டும்.

என் வேலை சின்னது.
பத்து மில்லி பிடித்து, பொடியைத் தட்டி, குலுக்கி,
நிறம் வருகிறதா என்று பார்ப்பது.
வரக்கூடாது.
ரோஜா நிறம் வந்தால் குளோரின் மிச்சம்.
வராவிட்டால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
இல்லாததை எழுத
மாதம் இரண்டாயிரத்து நூறு ரிங்கிட்.

முன்பு இங்கே கரித்தொட்டி இருந்தது.
செம்பனைக் கொட்டை ஓட்டைச் சுட்ட கரி,
வேலிக்கு அந்தப்பக்கம் விளைந்ததுதான்.
குளோரினை நன்றாகத்தான் தின்றது.
காவல்காரனைத் தின்றுவிட்ட வீட்டில்
திருடனுக்கு என்ன தடை?
கரிக்குள் கிருமி வழவழவென்று
பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.
ஒரு பொங்கல் வாரத்தில் தொட்டியைத் தூக்கி லோரியில் போட்டு
இந்த எஃகுக் குழாயை இறக்கினார்கள்.

உள்ளே விளக்கு.
பார்க்கக்கூடாத விளக்கு.
கண்ணைச் சுடும் என்று நான்கு மொழியில் எழுதியிருக்கிறது,
தமிழிலும், ஓர் ஒற்று குறைவாக.
நான் கண்டதெல்லாம் மூடியின் கண்ணாடிப் பொட்டில்
கசியும் ஒரு நீலம்.

அந்த ஒளி பட்டால் குளோரின்
எங்கும் ஓடிப்போவதில்லை.
உடைந்து, உப்புக்குள் இருக்கும் அதே சாதுவாகி
தண்ணீரோடே நடக்கிறது.
அடுத்த அறையில் சவ்வு அதையும் வடித்தெடுக்கும்.
அதற்கும் அடுத்த அறையில் ஸுல்கிஃப்லி
லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பை
நிறுத்துத் திரும்பப் போடுவான்.
வேலைக்குச் சேர்ந்த வாரம் இதைக் கேட்டுச் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று ரோஜா.
வெளிர்தான், குழந்தையின் காது மடல் அளவுக்கு.
குப்பியைக் கழுவி மறுபடி பிடித்தேன்.
மறுபடியும் காது மடல்.
விளக்கில் குறையில்லை என்றது மீட்டர்.
உள்ளே வரும் நீரைப் பிடித்தேன்:
செம்பருத்தி.

மூன்று நாளாக பாலிங் பக்கம் மழை.
ஆறு தே தாரேக்காகி வருகிறது.
ஊர்த் தண்ணீர் நிலையத்தில்
என்னைப் போல் கண் எரிய விழித்திருக்கும் யாரோ ஒருவர்
பயந்து கூடுதலாகக் கலந்திருக்கிறார்.
அவர் பயம் நியாயம்.
என் சவ்வு என்ன பாவம் செய்தது?
குளோரின் அரிக்கும்போது அது கத்தாது.
தெரியவரும்போது நாற்பதாயிரம் ரிங்கிட்.

லியோங்கிற்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.
இன்னொரு முறை.
பிறகு வால்வைத் திருகினேன்.
பன்னிரண்டில் ஓடியது ஐந்தில் ஊர்ந்தது.
விளக்கைக் கூட்ட முடியாது.
தண்ணீரை அதன் முன்னால்
கொஞ்சம் நிற்கவைக்கலாம்.

நான்கு ஐந்து: ரோஜா.
நான்கு இருபது: ரோஜாவா, என் கண்ணா?
நான்கு முப்பத்தைந்து: தண்ணீர்.

மேல்தொட்டி வற்றி பாட்டில் வரிசை நின்றுபோனது.
நேப்பாளத்து பிஷால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே
இரண்டு கையையும் விரித்தான்.
குப்பியைத் தூக்கிக் காட்டினேன்.
மூக்கு கண்ணாடியில் ஒட்ட உற்றுப் பார்த்து
"ஒன்னும் இல்லையே, அக்கா" என்றான்,
எங்களிடம் கற்ற தமிழில்.
"அதுதான்" என்றேன்.

ஏழு மணிக்கு லியோங் வந்தார்.
ஆறாயிரம் பாட்டில் குறைவு.
விளக்கக் கடிதம் வேண்டுமாம், மலாயில், ஒரு பக்கம்.
காரணம் என்று போட்ட கோட்டுக்கு மேலே
நாலு வரி எழுதி அடித்தேன்.
தண்ணீருக்கு நேரம் போதவில்லை
என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.
படித்தார். மடித்தார். பையில் போட்டார்.
நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

வீட்டில் குழாயைத் திறந்தால்
நீச்சல்குள வாடை குப்பென்று அடிக்கிறது.
மகள் பிரஷைப் பிடித்தபடி முகம் சுளித்தாள்,
"அம்மா, தண்ணி நாறுது."
"நாறட்டும்.
பல்லைத் தேய், பஸ் வந்துடும்."