இரண்டரை நட்சத்திரம்

நிஸாம்தீன் சேர் கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார்:
முந்நூறு சொல், திங்கள் காலைக்குள்,
கடைசியில் நட்சத்திரம் போட மறக்காதே.

ஹட்டனில் ஞாயிறு மெட்னி.
மடக்கிய குடைகளின் ஈர வாடை.
டிக்கெட் கிழிக்கிற அருள்தாஸ்
"பேய்க்குப் பயமா, அட்டைக்குப் பயமா" என்று கேட்டு
உப்புப் பொட்டலம் ஒன்றை நீட்டினான்.

படம் சென்னையில் வெளியாகி ஒன்பது நாள்.
விமர்சனமெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.
முதல் பாகத்தின் கால்தூசிக்கு வராது, என்றார் ஒருவர்.
வசூல் இருக்கிறது, உயிர் இல்லை என்று எழுதியவர்
பேய்ப்படத்துக்கு அது ஒரு குறையா என்று யோசிக்கவில்லை.
எல்லோரும் ஒன்றுபோலக் கைவைத்தது
இடைவேளைக்குப் பிறகு வருகிற மழையில்.
நான்கு நிமிடம். தகரக் கூரை. ஆளில்லை, பேயுமில்லை.
கத்தரிக்கோலை எங்கே தொலைத்தார் எடிட்டர்?

அதே வாக்கியத்தில் பாதி
என் சட்டைப்பையிலும் இருந்தது.

பேய் முதல்முறை வந்தபோது சனம் சிரித்தது.
கூரையில் தலைகீழாய் நடந்தபோது
பின்வரிசைப் பொடியன்கள்
"கொழுந்து நிறுக்க நேரமாச்சு, எறங்கு" என்றார்கள்.
என் பக்கத்து சீட்டு சந்தனமேரி,
விரலிடுக்கெல்லாம் கொழுந்துக் கறை,
பேய் கதவைத் தட்டியதும் சொன்னாள்:
"தட்டுதே, மரியாதப்பட்ட பேய்தான்.
எங்க லயத்துல நாய்கூட தட்டாமத்தான் வரும்."

முன்கதை வந்தது. பேய் அழுதது.
தான் ஏன் பேயானோம் என்று
பதினெட்டு நிமிடம் விளக்கியது.
"காரணம் சொல்லிட்டா அப்புறம் என்னாத்துக்குப் பயம்?"
கடலை உடைத்துக்கொண்டே கேட்டாள்.
நான் இருட்டில் குறித்துக்கொண்டேன்,
என் வரியாக்கிவிடும் எண்ணத்தோடு.

பிறகு மழை.

தகரத்தில் முதலில் ஒவ்வொன்றாய்,
அப்புறம் எண்ண முடியாமல்.
திரையில் ஒரு மண்சுவர். சுவரில் ஒரு கோடு.
அந்தக் கோடு நேற்றும் இருந்ததா,
படம் சொல்லவில்லை.

கடலை உடைகிற சத்தம் நின்றது.
பின்வரிசை வாய் மூடியது.
முன்னால் ஒருவர் குனிந்து
தன் காலடித் தரையைப் பார்த்தார்.
எங்கோ ஒரு போன் வெளிச்சம்,
இன்னொன்று, ஏழெட்டு.
சந்தனமேரி தாழ்ந்த குரலில்:
"தம்பிய தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிரு.
இல்ல, இங்க மழ இல்ல. படத்துலதான்.
இருந்தாலும் போயிரு."

பேசாதே என்று அவளை ஒருவரும் அதட்டவில்லை.

நான்கு நிமிடம் என்பது பிழை.
கடிகாரம் பார்த்தேன்: மூன்று நிமிடம், பத்து விநாடி.
அலுப்பில் அது நான்காகியிருக்கும் அவர்களுக்கு.
எங்களுக்கு எவ்வளவானது என்று
எழுத எனக்கு அளவு தெரியவில்லை.

பேய் திரும்ப வந்ததும் தியேட்டரே மூச்சு விட்டது.
"வந்துட்டியா ராசாத்தி!"
யாரோ கைதட்டினார்கள். நானும்தான்.

இரவில் எழுதினேன். மழைக்கே இருநூறு சொல் போயிற்று.
சேர் போனில் சிரித்தார்:
"இது விமர்சனமா தம்பி, வானிலை அறிக்கையா?"
கீழே பிஸ்கட் விளம்பரம், இடமில்லை.
அச்சில் வந்தது இப்படி:
மழைக்காட்சியின் நீளம் பொறுமையைச் சோதிக்கிறது.
இரண்டரை நட்சத்திரம்.
அதன்கீழ் என் பெயர், எழுத்துப்பிழை இல்லாமல்.

வியாழக்கிழமை போனால் போஸ்டரை உரித்துக்கொண்டிருந்தான் அருள்தாஸ்.
"நல்லா ஓடுன படம் சார்.
ஒரு தொல்லதான்:
மழ வந்ததும் பாதிப்பேர் எந்திரிச்சி வெளிய போயி
மலைய ஒருக்கா பாத்துட்டு
திரும்ப வந்து அதே சீட்டுல உக்காருவாங்க.
கதவ சாத்தவே முடியல."

பசை காயாத தாளைச் சுருட்டியபடி
"அந்த அரை நட்சத்திரம் எதுக்கு?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள்
பொகவந்தலாவை பஸ் வந்துவிட்டது.
ஏறிக்கொண்டேன்.
வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.