தக்காளித் தராசு

பாலக்கோடு மண்டியில்
கடைசிக் கூடையும் ஏறிப்போன பதினோரு மணிக்கு
மாதம்மாளின் மின்தராசை இரவல் கேட்டு
வலது கால் பூட்ஸை மட்டும் வைத்தேன்.
எழுநூற்றுப் பத்து.
"கிலோ என்ன விலைக்குத் தர்றீங்க?"
சிரிக்காமல் கேட்டாள்.

மச்சானின் தோல் பூட்ஸ் அது.
யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது என்று
கொடுத்தனுப்பியிருந்தார்.
யானை மிதித்த பிறகு
பூட்ஸை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது, தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
நானூற்றைம்பது ரூபாய்க்கு எடுத்த துணி ஷூ.
இருநூற்று நாற்பது.
மூன்று தக்காளி, அவ்வளவுதான்.

பில் புத்தகத்தின் முதுகில் கணக்குப் போட்டேன்.
எட்டுக்கு நானூற்றெழுபது கிராம் மிச்சம்.
வத்தல்மலைக்கு ரோட்டை விட்டு
ஒற்றையடிப் பாதையில் எட்டாயிரம் எட்டு என்றால்
மூன்றே முக்கால் டன்.
நாலு குட்டியானை லோடை
அடிவாரத்திலேயே இறக்கிவிட்டு ஏறலாம்.

நான் ஒதுக்கிய பூட்ஸைத் தீர்த்தகிரி மாட்டிக்கொண்டான்.
இருவருக்கும் எட்டாம் நம்பர்.

ஓடையில் அவனுக்கு நீர் உள்ளே போனது,
வெளியே வர வழியில்லை.
எனக்கு வந்த வழியே போனது,
இருபது எட்டு வரை சளக் சளக்,
பிறகு வெறும் ஈரம்.

ஈரம் பகலில் ஒன்றுமில்லை.
சாமை அறுத்த கொல்லையில்
சொல்லிக் கேட்டுக் கூடாரம் அடித்த பிறகுதான்
மார்கழி என் கால்விரல்களை
ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தது.
உலர்ந்த சாக்ஸ், அதன்மேல் ரொட்டி கவர்,
அதன்மேல் இன்னொரு சாக்ஸ்.
"பொணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கே"
என்றான் தீர்த்தகிரி.
ஷூவைப் பையில் சுற்றி
கம்பளிக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டேன்.
நாய்க்குட்டியைப் போல நாறிக்கொண்டே
கதகதப்பானது.

விடிந்தபோது
வெளியே நின்ற அவன் பூட்ஸ் இரண்டும்
பனியில் விறைத்து
உரல்போல் இருந்தன.
அரை மணி நேரம் அவற்றோடு மல்லுக்கட்டினான்.
நான் பார்க்காதவன்போல் டீ வைத்தேன்.

இறங்கும் வழியில்
இண்டமுள் ஒன்று
துணி ஷூவின் அடியைத் துளைத்து
என்னை ஒற்றைக்காலில் நிறுத்தியது.
உட்கார்ந்து, ஊக்கு வாங்கி,
அவன்தான் எடுத்தான்.
குதிகால் கொப்புளத்தோடு குந்தியிருந்தவன்
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
அது முள்ளைவிடக் குத்தியது.

திங்கட்கிழமை மறுபடி தராசு.
முந்நூற்றுப் பத்து.
ஓட்டைக்குள்ளும் செம்மண்.

"மண்ணுக்குக் கழிச்சிடணும்" என்றாள் மாதம்மாள்
மண்டி வழக்கப்படி.
நான் கழிக்க விடவில்லை.